உஷார்! ‘லோடு டெஸ்ட் பாஸ்’ என்ற காகிதம் பாலத்தைத் தாங்காது

பாலத் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகள் பாலத்தின் நடுவில் வரிசைகட்டி நிற்கும். கீழே ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் குனிந்து டயல் கேஜைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் செய்தி வரும்: ‘நூறு டன் ஏற்றியும் துளிகூட அசையவில்லை!’

பழைய பாலம் என்றால் படம் வேறு. லாரி இருந்த இடத்தில் கணினித் திரை. கர்டர்களெல்லாம் பச்சையும் நீலமுமாக மின்னும் அறிக்கை. சிவப்பு எங்குமே இருக்காது. ‘மாடல் ஓகே, இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று கையெழுத்து விழும்.

உஷார்! இந்த இரண்டு காகிதங்களையும் கேள்வி கேட்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் ஆபத்தையும் சேர்த்தே பூட்டுகிறார்கள். அந்தச் செய்தித் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறினால் கர்டர் வளைந்தே ஆக வேண்டும், சில மில்லிமீட்டராவது. துளிகூட அசையவில்லை என்றால் கேஜ் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அந்தத் தலைப்பைப் படித்துக் கைதட்டக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

சுமைச் சோதனை வேண்டாம் என்றோ, கணினி மாடல் வேண்டாம் என்றோ யாரும் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறுக்கு விசாரணை செய்யும்போதுதான் இரண்டுக்கும் மதிப்பு. விசாரணை இல்லாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிட்ஸ்பர்க்கும் மினியாபொலிஸும் கொச்சியும் கியூபெக்கும் சாட்சி.

உஷார் 1: நான்கு கர்டர் என்றால் ஆளுக்குக் கால்பங்கு என்று நினைக்காதீர்கள்

தூணுக்குத் தூண் நீளவாக்கில் உத்திரங்களைப் போட்டு, மேலே கான்கிரீட் ஸ்லாப் வார்த்தால் அது கர்டர் பாலம். நம் ஊர் மேம்பாலங்களில் பெரும்பாலானவை இந்த இனம்தான். லாரியின் எடை ஸ்லாப் வழியாகக் கர்டர்களுக்குப் பிரிந்து, கர்டரின் முனை உட்காரும் பேரிங் வழியாகத் தூணுக்கு இறங்குகிறது. இந்தப் பிரிவினையில்தான் எல்லாச் சிக்கலும்.

சாமி சப்பரம் தூக்கும்போது பாருங்கள். தெரு ஓரமாகச் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து ஆளின் தோளில்தான் மொத்த பாரமும் இறங்கும். எதிர்ப்பக்கத்து ஆள் சும்மா கம்பைப் பிடித்தபடி நடப்பார். பாலத்திலும் அப்படித்தான். இரண்டரை மீட்டர் இடைவெளியில் நான்கு கர்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி நட்டநடுவில் போனால் ஆளுக்குச் சுமார் 25 சதவீதம். அதே லாரி நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால், நம் பொறியியல் கல்லூரிகளில் சொல்லித்தரும் கூர்போன் சூத்திரப்படி ஓரக் கர்டரின் பங்கு 43 சதவீதம். எதிர் ஓரத்துக் கர்டருக்கு வெறும் 7 சதவீதம். ‘நூறு டன் தாங்கும்’ என்று மொத்தக் கணக்குச் சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்தக் கர்டர் எவ்வளவு தாங்கும், அதற்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி.

இதிலும் ஒரு பொறி உண்டு. கர்டர்களைக் குறுக்கே கட்டிப்போடும் கிராஸ் கர்டர்கள் வளையாத அளவு உறுதியாக இருக்கின்றன, பாலக்கண்ணின் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில் இருக்கிறது என்ற நிபந்தனைகளோடு வந்தது கூர்போன் சூத்திரம். இன்று வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகப் பல பாலங்களில் நடுவில் கிராஸ் கர்டரே வைப்பதில்லை. இரு முனைகளில் மட்டும் வைக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கும் பழக்கதோஷத்தில் அதே சூத்திரத்தைப் போட்டால், சக்கரத்துக்கு நேர்கீழே இருக்கும் கர்டர் தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கும். கணக்கோ எல்லாம் சமத்தாகப் பிரிந்துவிட்டதாகச் சொல்லும்.

உஷார் 2: கணினிக்குத் தெரிந்தது நீங்கள் சொன்னது மட்டும்தான்

2022 ஜனவரி 28. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஒரு பூங்காவின் பள்ளத்தாக்கைக் கடக்கும் ஃபெர்ன் ஹாலோ பாலம் விடியற்காலையில் அப்படியே கீழே போனது. எஃகுக் கர்டர்களைச் சாய்ந்த எஃகுக் கால்கள் தாங்கும் அமைப்பு. 447 அடி நீளம். மேலே ஒரு நகரப் பேருந்தும் சில கார்களும் இருந்தன. பலருக்குக் காயம், யாரும் சாகாதது அதிர்ஷ்டம்.

அந்தப் பாலத்துக்கு எடைக் கணக்கு இருந்தது. 26 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று பலகையும் இருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது அந்தக் கணக்கே ஓட்டை என்று தெரிந்தது. மேலே போட்ட தார், கணக்கில் எழுதியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். வடிகால் அடைத்து, நீர் தேங்கி, கால்கள் அரித்துப்போயிருந்தன. அந்த அரிப்புக்கு ஏற்ற அளவு வலிமையைக் கழிக்கவில்லை. கால்களின் முனைகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டுள்ளன என்ற அனுமானமும் தப்பு. சரியான எண்களைப் போட்டுப் பார்த்தால் எடை வரம்புப் பலகை போதாது, பாலத்தையே மூடியிருக்க வேண்டும் என்பது வாரியத்தின் முடிவு. ஆய்வாளர்கள் வருஷக்கணக்காக எழுதிவைத்த பராமரிப்புக் குறிப்புகளும் அப்படியே கிடந்தன.

தார் விஷயத்தை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 20 மீட்டர் பாலக்கண், ஏழரை மீட்டர் சாலை அகலம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் 10 சென்டிமீட்டர் கூடிவிட்டது என்றால், அது 15 கன மீட்டர். எடை ஏறக்குறைய 35 டன். ஒவ்வொரு கண்ணிலும் முழு லோடு ஏற்றிய ஒரு பெரிய லாரி இரவும் பகலும் நகராமல் நிற்கிறது என்று அர்த்தம். 2018 செப்டம்பரில் கொல்கத்தாவின் மாஜேர்ஹாட் பாலம் விழுந்தபோதும் அடுக்கடுக்காக ஏறிய தார் எடையைப் பற்றித்தான் பேச்சு எழுந்தது. மாடல் போடுகிறவர் ஓட்டை போட்டுத் தார் தடிமனை அளந்தாரா, பழைய வரைபடத்தில் இருந்த எண்ணை அப்படியே தட்டினாரா? கேளுங்கள்.

உஷார் 3: பச்சை நிறம் கர்டருக்கு; மூட்டுக்கு யார் பொறுப்பு?

இன்று ஒரு பாலத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது எளிது. கர்டர்களையும் ஸ்லாபையும் கம்பி வலைபோலக் கோடுகளாக்கினால் கிரில்லேஜ் மாடல். ஒவ்வொரு பாகத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கினால் ஃபைனைட் எலிமென்ட் மாடல். ஸ்டாட், மிடாஸ் போன்ற மென்பொருள்கள் லாரியைத் தாமே நகர்த்தி, எங்கு நின்றால் எந்தக் கர்டருக்கு மோசம் என்று காட்டிவிடும். கையால் போட்டால் வாரக்கணக்காகும் வேலை மாலைக்குள் முடிகிறது.

ஆபத்து அந்த எளிமையில்தான். பேரிங் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கிளிக்கில் சொல்லிவிடலாம். நிஜத்தில் அந்தப் பேரிங் மண்ணும் துருவும் அடைத்துக் கல்லாகியிருக்கலாம். அல்லது ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆற்றைச் சாய்வாகக் கடக்கும் பாலத்தைச் செங்குத்தாக வரைந்துவிட்டால், அகலக்கோண மூலைப் பேரிங்குகளுக்குக் கூடுதலாக வரும் எடை மாடலில் தெரியவே தெரியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, மாடல் கோடுகளைக் கணக்குப் பார்க்கிறது. கோடுகள் சந்திக்கும் புள்ளியைப் பார்ப்பதில்லை. 2007 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாலை நேர நெரிசலில் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் இருந்த ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அது கர்டர் பாலமல்ல, எஃகுச் சட்டகப் பாலம். பாடம் எல்லாப் பாலத்துக்கும் பொது. சட்டங்கள் சேரும் இடத்தில் வைக்கும் கஸ்ஸெட் தகடுகள் சில இடங்களில் ஒரு அங்குலம் இருக்க வேண்டியது அரை அங்குலமே இருந்தன. 1960களில் வரைந்தபோது நேர்ந்த பிழை. 40 ஆண்டுகளில் அந்தப் பாலத்துக்கு எடைக் கணக்கு போட்டவர்கள் சட்டங்களைப் பார்த்தார்கள், தகடுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது 2003-இல் எடுத்த படங்களிலேயே தெரிகிறது! விழுந்த அன்று சாலை வேலைக்காக மணலும் ஜல்லியும் இயந்திரங்களுமாகச் சுமார் 260 டன் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டிருந்தது. மராமத்துக்குக் கொண்டுவந்த பொருளே கடைசி பாரமானது.

உங்கள் ஊர்ப் பாலத்தில் தார் போடுகிறார்கள் என்றால், ஜல்லியை எங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

உஷார் 4: சோதனை காட்டுவது விறைப்பு, வலிமை வேறு விஷயம்

சுமைச் சோதனையில் என்ன செய்கிறார்கள்? எடைபோட்ட லாரிகளைக் கணக்கிட்ட இடங்களில் நிறுத்துகிறார்கள். கர்டர் எத்தனை மில்லிமீட்டர் தொய்ந்தது என்று டயல் கேஜும், எவ்வளவு இழுபட்டது என்று ஸ்டிரெய்ன் கேஜும் சொல்கின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி எஸ்.பி. 51-இன்படி, ஏற்றிய எடையை 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். எடையை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் சாதாரண கான்கிரீட் கர்டர் தொய்வில் 75 சதவீதத்தையும், முன்னழுத்தக் கர்டர் 85 சதவீதத்தையும் மீட்டுக்கொண்டால் பாஸ்.

நல்ல முறைதான். அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ‘இன்று, இந்த எடைக்கு, இந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது?’ அவ்வளவுதான் கேள்வி. ‘எப்போது உடையும்?’ என்று யாரும் கேட்கவில்லை; சோதனையும் சொல்லாது.

கனடாவின் ஒன்டாரியோவில் பல பாலங்களைச் சோதித்த பைதார் பக்த், லெஸ்லி ஜேகர் என்ற இரு பொறியாளர்கள் 1990-இல் எழுதிய கட்டுரைக்கு, பாலச் சோதனை ஒவ்வொரு முறையும் வியப்புத் தருவது என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். பெரும்பாலும் அது இனிப்பான வியப்பு: கணக்கில் வந்ததைவிடப் பாலம் விறைப்பாக இருக்கும். ஏன்? கைப்பிடிச் சுவரும் நடைபாதைத் திட்டும் கர்டரோடு சேர்ந்து தாங்குகின்றன. ஸ்டட் வைத்துப் பிணைக்காத ஸ்லாபும் எஃகுக் கர்டரும் உராய்வின் தயவில் ஒன்றாக வேலை செய்கின்றன. துருப்பிடித்த பேரிங் கர்டரின் முனையைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது.

இவையெல்லாம் கடன் வாங்கிய பலம். எடை கொஞ்சம் கூடினால் உராய்வு விட்டுவிடும். இறுகிய பேரிங் படாரென்று நகரும். அந்தக் கணத்தில் தொய்வு குதித்துவிடும். 80 டன்னில் கிடைத்த அழகான எண்ணைக் கோடு போட்டு நீட்டி, ‘அப்படியானால் 150 டன்னும் தாங்கும்’ என்று எழுதுகிறவர் ஆபத்தானவர்.

இன்னும் மூன்று இடங்களில் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒன்று, வெட்டு விசை. பேரிங்குக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசல் வெட்டு விசையின் அடையாளம். கேஜ் வைப்பதோ பாலக்கண்ணின் நடுவில். நடுவில் தொய்வு ஒழுங்காக இருக்கும்போதே முனையில் கான்கிரீட் பிளந்துகொண்டிருக்கலாம். வளைவு முறிவு கொஞ்சம் சொல்லிவிட்டு வரும். வெட்டு முறிவு சொல்லாமல் வரும்.

இரண்டு, வெயில். எஃகின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது பத்து லட்சத்தில் 120 பங்கு நீளும். ஒரு சோதனை லாரி கர்டரில் உண்டாக்கும் இழுவை பல நேரங்களில் அந்த அளவுகூட வராது. காலை ஆறு மணிக்கு எடுத்த அளவையும் உச்சிவெயிலில் எடுத்த அளவையும் வெப்பத் திருத்தம் செய்யாமல் ஒப்பிட்டால், சூரியன் செய்ததை லாரி செய்ததாக எழுதிக்கொள்வீர்கள். அதனால்தான் எடை ஏற்றுவதற்கு முன்பே ஒரு நாள் முழுக்க வெப்பத்தையும் தொய்வையும் குறித்துவைக்க வேண்டும்.

மூன்று, ஆற்றின் அடி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்தபோது, பாலத்தில் போக்குவரத்தே இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் வந்து, பழையதை மூடிவிட்டிருந்தார்கள். அஸ்திவாரத்து மணலை வெள்ளம் அரித்தால், மேலே எத்தனை லாரி நிறுத்திச் சோதித்தீர்கள் என்பது ஆற்றுக்குத் தெரியாது.

உஷார் 5: விரிசல் விட்ட பிறகு ‘டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கலாம்’ என்பது

கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2019 மே மாதம் மூடப்பட்டது. மூன்று வருஷம்கூட முடியவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள், பொறியாளர் இ. ஸ்ரீதரனும் ஆராய்ந்தார். 102 கர்டர்களில் 97-இல் விரிசல்.

அடுத்து வந்தது பெரிய வழக்கு. சுமைச் சோதனை நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நிலையில் அந்தச் சோதனை எதையும் தீர்மானிக்காது, மேற்கட்டுமானத்தையே மாற்றிக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. ஸ்ரீதரன் மேற்பார்வையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் தூண்களை வலுப்படுத்தி, கர்டர்களைப் பிரித்துப் புதிதாக அமைத்தது. புதுக் கர்டர்கள் மேல் சுமைச் சோதனையும் முடித்து 2021 மார்ச் 7-இல் பாலம் மறுபடி திறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சோதனை வேண்டாம் என்று வாதாடியவர்களே, புதுக் கர்டர்கள் வந்த பிறகு சோதனை செய்துதான் திறந்தார்கள். முரண்பாடு ஏதுமில்லை. ஒழுங்காகக் கட்டிய பாலம், வரைந்தபடி நடந்துகொள்கிறதா என்று பார்க்கச் சோதனை சிறந்த கருவி. கான்கிரீட்டின் தரமே கேள்வியாகி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கர்டர் வெடித்துக் கிடக்கும்போது, ஒரு நாள் லாரிகளைத் தாங்கியது என்பதை வைத்து அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. ‘டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சு, பூசி மெழுகித் திறந்துடலாம்’ என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் உஷாராகுங்கள்.

உஷார் 6: பாலத்துக்குத் தெரியாமல் லாரி கனத்துக்கொண்டே போகிறது

நம் நெடுஞ்சாலைப் பாலங்களை 70ஆர், கிளாஸ் ஏ என்ற கற்பனை வண்டிகளுக்காகத்தான் வடிவமைக்கிறார்கள். 70ஆர் சக்கர வண்டியின் எடை 100 டன்; கிளாஸ் ஏ வண்டித் தொடர் 55.4 டன். இதோடு அதிர்வுக்கும் பாதுகாப்புக்கும் கூடுதல் வைப்பார்கள். அதனால்தான் ஓவர்லோடு டிப்பர் தினமும் ஓடியும் பாலம் நிற்கிறது. அந்தத் தைரியத்தில்தான் ‘இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல’ என்கிறார்கள்.

ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அனுமதிக்கப்பட்ட அச்சு எடையை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன், இரட்டை அச்சுக்கு 19 டன்னிலிருந்து 21 டன். பார்க்கச் சின்ன ஏற்றம். வண்டிகள் மறுபடி மறுபடி கடப்பதால் வெல்டிங் உள்ள எஃகுக் கர்டருக்கு வரும் களைப்போ எடையின் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது. 10.2 டன் 11.5 டன் ஆனால், ஒவ்வொரு அச்சு கடக்கும்போதும் சேதம் சுமார் 43 சதவீதம் கூடுகிறது. எடை கால்பங்கு கூடினால் சேதம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆயுள் பாதி. இது சட்டப்படி ஓடும் வண்டிகளின் கணக்கு. கிரஷரிலிருந்து ராத்திரியில் கிளம்பும் ஓவர்லோடு எந்த மாடலிலும் இல்லை.

ஆகவே பத்து வருஷத்துக்கு முன் போட்ட எடைக் கணக்கை இன்று எடுத்துக்காட்டினால், அது வேறு லாரிகளுக்காகப் போட்டது என்று சொல்லுங்கள்.

உஷார் 7: கான்கிரீட் உதிர்ந்தால் அது கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம்

2006 செப்டம்பர் 30, சனிக்கிழமை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லவால் நகரின் டி லா கான்கார்ட் மேம்பாலத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் சாலையில் விழுவதாக மக்கள் போன் செய்தார்கள். சாலை ரோந்துக்காரர் வந்து பார்த்தார். விழுந்த துண்டுகளை அப்புறப்படுத்தினார். பாலத்தை மூடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பாலம் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள்.

பெட்டிக் கர்டர்கள் பக்கத்து முனைத் திண்டின் மேல் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பிளவு. மேலிருந்து பார்த்தால் அது எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதி. உப்பு கலந்த பனிநீர் வருஷக்கணக்காக இறங்கிய இடம். தொங்கு கம்பிகள் வரைபடத்தில் சொன்ன இடத்தில் இல்லை. அந்தத் தடித்த ஸ்லாபில் வெட்டு விசைக்கான கம்பியே இல்லை. கான்கிரீட்டின் தரமும் குறைவு. முன்னாள் மாகாணப் பிரதமர் பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான ஆணையம் இவற்றை வரிசையாக எடுத்துவைத்தது. 1970-இல் கட்டிய பாலம். 36 வருஷம் ‘ஒன்றும் ஆகாமல்’ இருந்தது.

‘அது பனி கொட்டும் நாடு’ என்று தள்ளிவிடாதீர்கள். 2025 ஜூலை 9-ஆம் தேதி குஜராத்தில் மஹி ஆற்றின்மேல் இருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் காலைப் போக்குவரத்தோடு ஆற்றில் விழுந்தது. லாரிகளும் வேன்களும் கூடவே போயின. ஏறக்குறைய இருபது பேர் உயிரிழந்தார்கள். 1985-இல் கட்டிய பாலம் அது. பீடமும், கர்டர் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் ஆர்ட்டிகுலேஷன் மூட்டும் நொறுங்கியதே காரணம் என்பது மாநில அரசு முதலில் சொன்ன விளக்கம். அதன்படி கர்டர் முறியவில்லை, அது உட்கார்ந்திருந்த இடம் போய்விட்டது. நம் நாட்டில் பல பழைய ஆற்றுப் பாலங்களில் இதே வகை மூட்டு இருக்கிறது. குனிந்து, டார்ச் அடித்து, கைநீட்டித் தொட்டுப் பார்த்தால் ஒழிய இந்த மூட்டு யாருக்கும் தெரியாது. மாடலில் அது ஒரு புள்ளி. நடுவில் கேஜ் வைத்த சோதனையில் அது இல்லவே இல்லை.

அறிக்கை கைக்கு வந்தால் கேளுங்கள்

கவுன்சிலரோ, நிருபரோ, இளம் பொறியாளரோ, தகவல் அறியும் உரிமையில் நகல் வாங்கியவரோ, யாராக இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

• லாரிகளை எடை மேடையில் அச்சு அச்சாக எடைபோட்டீர்களா? ‘மூன்று யூனிட் மணல், சுமாராக இவ்வளவு’ என்பது எடை ஆகாது. மழையில் நனைந்த மணல் வேறு எடை.

• தொய்வு இவ்வளவு வரும் என்று சோதனைக்கு முன்பே எழுதிவைத்தீர்களா? முடிவு வந்த பிறகு பேரிங்கையும் கான்கிரீட் விறைப்பையும் திருகித் திருகிப் பொருத்திய மாடல் எதையும் நிரூபிக்காது. ஒரே தொய்வைப் பத்து விதமான தவறான அனுமானங்களாலும் கொண்டுவரலாம்.

• எல்லாக் கர்டரிலும் கேஜ் வைத்தீர்களா? ஒவ்வொன்றும் வாங்கிய பங்கைக் கூட்டினால் லாரியின் மொத்தக் கணக்கு வர வேண்டும். குறைந்தால் கேஜ் பொய், அல்லது பேரிங் இறுக்கம், அல்லது மாடல் பொய். எது என்று சொல்லாத அறிக்கை முடிந்த அறிக்கை அல்ல.

• லாரிகளை ஓரமாகவும் நிறுத்தினீர்களா, நடுவில் மட்டுமா?

• தார் தடிமன், துருவால் குறைந்த கம்பி, பேரிங்கின் நிலை: இவற்றை நேரில் அளந்தீர்களா, பழைய வரைபடத்திலிருந்து எடுத்தீர்களா?

• மூட்டையும் முனையையும் தனியாகக் கணக்குப் பார்த்தீர்களா?

• கையால் போட்ட கணக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா? கணினி விடை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் எங்கோ ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது.

பாலத்தருகே வசிக்கிறவர்கள் கவனியுங்கள்

• கர்டரின் முனையில், பேரிங்குக்கு அருகில் சாய்வாக ஓடும் விரிசல். நடுவில் தெரியும் மயிரிழை விரிசலைவிட இது பயங்கரம்.

• கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவது. கர்டரில் செம்பழுப்பாக நீர் வழிந்த தடம்.

• எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் திடீரென்று அகலமாவது, ஒரு பக்கம் தாழ்ந்து வண்டி ‘தடக்’ என்று இறங்குவது.

• கைப்பிடிச் சுவரின் கோடு ஓரிடத்தில் தொய்ந்து தெரிவது.

• நீர்த்தாரை அடைத்து மழைநீர் பாலத்திலேயே தேங்குவது. இதைச் சுத்தம் செய்ய ஒரு கம்பியும் ஒரு ஆளும் போதும். செய்யாமல் விட்டதற்குப் பிட்ஸ்பர்க்கில் ஒரு பாலமே போனது.

• வெள்ளம் வடிந்த பின் தூணடியில் பள்ளம், வெளியே தெரியும் அஸ்திவாரம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு நெடுஞ்சாலைத் துறைக் கோட்ட அலுவலகம். வாயால் சொன்னால் போதாது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கான்கிரீட் துண்டு விழுகிறது, சத்தம் கேட்கிறது, ஜாயிண்ட் இறங்கிவிட்டது என்றால் அலுவலகம் திறக்கக் காத்திருக்காதீர்கள். உடனே 112.

அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. சந்தேகம் வந்ததும் ‘டெஸ்டுக்கு எழுதியிருக்கிறோம், ரிப்போர்ட் வரட்டும்’ என்று வண்டிகளை ஓடவிடாதீர்கள். ரிப்போர்ட் வர மாதங்கள் ஆகும். லவாலில் கிடைத்த அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதலில் பாலத்தை மூடுங்கள். பிறகு மாடல் போடுங்கள், லாரி நிறுத்திச் சோதியுங்கள், பத்து நிபுணர்களைக் கூப்பிட்டு வாதாடுங்கள். தேவையில்லாமல் ஒரு வாரம் மூடிய பாலத்துக்காக மக்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.